ரூஃப் ரெயிலில் இரண்டு வாழை மரம்

1. வெள்ளையும் நீலமும்

முப்பத்தொரு வருஷம் டீசல் வண்டி ஓட்டியவனுக்கு மின்சாரக் காரின் முதல் நாள், கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்றே தெரியவில்லை. ஸ்டார்ட் ஆனதற்குச் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. இரண்டு தடவை பட்டனை அமுக்கி, ஓடிக்கொண்டிருந்த வண்டியை நானே அணைத்தேன்.

தஞ்சாவூரில் எங்கள் டிராவல்ஸ் முதலாளி சென்னை லைனுக்கு மின்சாரக் கார் வாங்க நினைத்தார். வெவ்வேறு கம்பெனிகளிலிருந்து இரண்டு டெமோ வண்டிகள் வந்தன. வெள்ளை வண்டிக்குச் சின்ன பேட்டரி, சீக்கிரம் சார்ஜ் ஏறும். நீல வண்டிக்குப் பெரிய பேட்டரி, உயரமான உடம்பு, மேலே சாமான் கட்ட ரூஃப் ரெயில், ஆனால் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். நீலத்தை நான் எடுத்துக்கொண்டேன். வெள்ளை, என்னோடு பதினைந்து வருஷமாக ஓட்டும் ஜெயபாலுக்கு.

இரண்டையும் காலியாக மதுரைக்கு ஓட்டிப் பார்த்தோம். நீலம் போய்த் திரும்பியும் மீதி சார்ஜ் வைத்திருந்தது. வெள்ளைக்கு வழியில் ஒரு தடவை போட வேண்டியிருந்தது. நீலம்தான் வண்டி, மற்றது பொம்மை என்று ஷெட்டில் எல்லோரிடமும் அளந்துவிட்டேன். ஜெயபால் வாயைத் திறக்கவில்லை. அவன் திறக்காதது எனக்கு இன்னும் உற்சாகமாக இருந்தது. முதலாளி மட்டும் ஆளும் சாமானுமாக ஒரு சென்னை டிரிப் போய் வந்த பிறகு சொல்கிறேன் என்றார்.

2. சிவசாமி வளர்த்த மரம்

அந்த டிரிப் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து கிடைத்தது. பெண் வீட்டார் சென்னை மண்டபத்துக்குப் போக வேண்டும். பெண்ணின் அப்பா சிவசாமி, சொந்தமாக நெல் விவசாயம் செய்பவர். பெண் கயல்விழி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திங்கள் காலையில் முகூர்த்தம். ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்கு முன்னால் பெண் மண்டபத்தில் காலை வைத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஆறு மணி வரை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆறு மணிக்கோ வரவேற்பு.

முதல் நாள் மதியமே போய் வண்டிகளை அவர்கள் வீட்டில் சார்ஜில் போட்டோம். காலையில் இரண்டும் நூறு பெர்சென்ட். கிளம்பப் போகும்போது கொல்லையிலிருந்து இரண்டு வாழை மரங்கள் வந்தன. நிச்சயம் ஆன மாசம் நட்ட கன்றுகளாம். குலை தள்ளி, ஒரு இலைகூடக் கிழியாமல் பளபளவென்று இருந்தன. மண்டப வாசலில் அந்த மரம்தான் நிற்க வேண்டும் என்பது சிவசாமியின் ஒரு வருஷத்து ஆசை. வெள்ளை வண்டியில் ரெயில் கிடையாது, உள்ளே அத்தைமாரும் சீர்த்தட்டும். அதனால் இரண்டு மரமும் என் வண்டிக்கு மேலே ஏறின.

"இலைப்பக்கம் முன்னாடி பாத்து இருக்கட்டும் தம்பி. சுப காரியத்துக்குப் போறது, அடிமரத்தக் காட்டிக்கிட்டுப் போவக்கூடாது" என்றார்.

நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எத்தனையோ கல்யாணத்துக்கு டீசல் வண்டியில் அப்படித்தான் கட்டியிருக்கிறேன். காற்று பிடித்தால் கொஞ்சம் டீசல் கூடுதலாகப் போகும், அதை யார் கவனித்தார்கள்? இழுத்துக் கட்டிவிட்டு, பெண்ணையும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கும்பகோணம் வரை குறையே இல்லை. குறுகலான ரோடு, ஐம்பதுக்கு மேல் போக முடியாது. நான்குவழிச் சாலையில் ஏறி நூறைத் தொட்டதும் தலைக்கு மேல் படபடவென்று ஒரே சத்தம். இலை காற்றைப் பிடிக்கப் பிடிக்க, பெர்சென்ட் மளமளவென்று இறங்கியது. ஏசியைக் குறைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். விக்கிரவாண்டிக்கு வந்தபோது இருபத்தெட்டு. சென்னைக்கு இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர். நிற்காமல் போய்ச் சேருவோம் என்று காலையில் அளந்துவிட்டவன் நான்.

3. ஒரே ஒரு கன்

அங்கே ஒரு ஹோட்டல் வளாகத்தில் சார்ஜர் இருந்தது. வண்டியில் செருகும் இரண்டு கன்னில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றதில் ஜெயபாலின் வெள்ளை வண்டி ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. அவன் திட்டமே அதுதான். மணி பன்னிரண்டேகால். அவனுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் போதும். எனக்கு அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போட்டாலும், மேலே காற்றைப் பிடிக்கும் மரத்தோடு போய்ச் சேருவது சந்தேகம்.

பெண்ணை வெள்ளை வண்டிக்கு மாற்றி அனுப்பிவிடலாம், மரம் பின்னால் வரட்டும் என்று சொன்னேன். சிவசாமியும் முகம் வாடிச் சரியென்று தலையை ஆட்டினார். கயல்விழி இறங்கி வந்து மரத்தைப் பார்த்தாள். இலைகள் எல்லாம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருந்தன.

"அப்பா வளத்த மரம் வாசல்ல நிக்காம நான் உள்ள போமாட்டேன்" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "மரம் எந்தப் பக்கம் பாத்துப் போவுதுங்கறது முக்கியமில்லப்பா. நாம எல்லாரும் ஒண்ணாப் போயி நிக்கணும். காத்து பிடிக்காம திருப்பிக் கட்டச் சொல்லுங்க."

மண்டபத்தில் விரிக்கக் கொண்டுவந்த ஜமக்காளத்தைச் சிவசாமி தாமே டிக்கியிலிருந்து எடுத்தார். நானும் ஜெயபாலும் மரத்தைத் திருப்பினோம். அடிமரம் முன்னால், இலையெல்லாம் பின்னால். இலையை ஒடுக்கி, ஜமக்காளத்தால் பிறந்த குழந்தையைச் சுற்றுவது மாதிரி அவர் சுற்றினார். என் வண்டி சார்ஜ் ஏறும்வரை அத்தைமார்கள் புளியோதரையைப் பிரித்தார்கள். பக்கத்தில் சார்ஜுக்குக் காத்திருந்த இரண்டு குடும்பத்துக்கும் இலை போட்டார்கள். கல்யாணம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஒன்றரைக்குக் கிளம்பினோம். பொம்மை என்று நான் சொன்ன வண்டி எனக்கு முன்னால் எண்பதில் நிதானமாகப் போனது. அதன் பின்னாலேயே நானும் போனேன். மேலே சத்தமே இல்லை. பெர்சென்ட் சொன்னபடி கேட்டது. மண்டப வாசலில் நின்றபோது நாலு பத்து, கையில் பதினொரு பெர்சென்ட். நானும் ஜெயபாலும் மரத்தை இறக்கி, கயிற்றோடு ஓடினோம்.

மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே கடையில் வாங்கிய இரண்டு மரங்களை வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கள் மரத்தைப் பார்த்த ஒருவர், இது என்ன சண்டைக்குப் போய்விட்டு வருகிறதா என்று கேட்டார். சிவசாமி தலையைக் குனிந்தார். மாப்பிள்ளையின் அம்மா அருகில் வந்து குலையைத் தொட்டுப் பார்த்தார்.

"சம்பந்தி கொல்லை மரமே வாசல்ல நிக்கட்டும். வாங்குனத மேடைகிட்ட கட்டுங்க" என்றார்.

நாலு இருபத்துநாலுக்குக் கயல்விழி அந்த இரண்டு மரத்துக்கும் நடுவில் வலது காலை எடுத்து வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயபால் பார்த்துவிட்டான், தன் துண்டை என் பக்கம் நீட்டினான்.

4. ரிமார்க்ஸ்

செவ்வாய்க்கிழமை முதலாளியிடம் டிரிப் ஷீட்டைக் கொடுத்தேன். வெள்ளை வண்டியை வாங்குங்கள், அதிலும் ரெயில் போட்டுக்கொள்ளலாம் என்றேன். ஒரே மூச்சில் எத்தனை தூரம் போகும் என்பதைவிட, வழியில் தடுமாறினால் எத்தனை சீக்கிரம் எழுந்து நிற்கும் என்பதுதான் நம் ஜனத்துக்கு முக்கியம். நீலத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஆள் ஏன் மாறினான் என்று அவர் கேட்கவில்லை, ரிமார்க்ஸ் கட்டத்தைப் படித்தார். அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நீல வண்டி மேல் குற்றம் இல்லை. மரத்தைக் கட்டியது நான்.'

புதிதாக வரும் டிரைவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு வண்டியை ஒப்பிடுவதானால் காலியாக ஓட்டாதீர்கள். அரிசி மூட்டை, அத்தை, வாழை மரம் எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டுங்கள். கஸ்டமர் ஆசையாகக் கொண்டுவருவதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எப்படி எடுத்துப் போவது என்று புறப்படுவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். முப்பத்தொரு வருஷ சர்வீஸ் ஆன பிறகு, ஒரு கல்யாணப் பெண்ணிடம் நான் கற்றுக்கொண்டது அது.