ரேடியோ சொன்ன பேர்

நான் எழுதத் தெரிந்தவள் அல்ல. நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் இதைக் கொண்டுவந்து வைப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை, அப்புறம் கொட்டகலையில் இரண்டு வருஷம், அவ்வளவுதான் என் படிப்பு. அதற்குப் பிறகு முதுகில் கொழுந்துக் கூடை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு ரேடியோவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பயம். அப்பாவின் பேர் வெட்டுப்படுமா என்பதுதான் அது. பேர் என்றால் எங்கள் தோட்டத்தில் அர்த்தம் வேறு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு அனுப்பப்பட்டு, சாயங்காலம் செக்ரோல் பதிவேட்டில் குறி விழுந்தால் அது ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வேலையை விட்டே நிறுத்தினால் பேர் வெட்டு. "இன்னைக்குப் பேர் கெடைச்சிச்சா?" என்றுதான் ஒருவரை ஒருவர் விசாரிப்போம். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவும் அப்பா பேரில்தான் இருந்தது. பேர் போனால் காம்பராவும் போகும் என்று கங்காணி அடிக்கடி நினைவுபடுத்துவார், ஏதோ நாங்கள் மறந்துவிட்டது போல.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். மேல்மாடியில் வரிசை வரிசையாகச் சாக்குத் தட்டுகள் இருக்கும். அவற்றில் பச்சைக் கொழுந்தை வாடுவதற்காகப் பரப்புவதும், வாடினதை வழித்துக் கீழே தள்ளுவதும் அவர் வேலை. அவருக்கு நெஞ்சில் இளைப்பு இருந்தது. மழையில் நனைந்தால் மூன்றாவது நாள் படுத்துவிடுவார். மண்வெட்டி பிடிக்க முடியாது. கூரைக்குக் கீழே, சூடான காற்றில் நிற்கிற வேலை என்பதால்தான் அவர் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தார். அம்மா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மழைக்காலத்தில் ஸ்டோர் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள்.

அண்ணன் தோட்டத்து லொறியில் கிளீனர். அட்டனுக்கும் கொழும்புக்கும் போய் வருகிறவன். உலகத்தில் புதிதாக எது வந்தாலும் எங்கள் லயத்துக்கு அவன் வாய் வழியாகத்தான் வரும். மண்ணெண்ணெய் இல்லாமல் எரிகிற அடுப்பு, சாவி கொடுக்காமல் ஓடுகிற கைக்கடிகாரம் என்று என்னென்னவோ சொல்வான். பாதியை நாங்கள் நம்ப மாட்டோம். நம்பாததற்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும்.

ஒரு சாயங்காலம் அவன் சொன்னதை எல்லாரும் நம்பினோம்.

"டிக்கோயாப் பக்கம் ஒரு ஸ்டோர்ல பாத்தேன். நீளமா ஒரு தொட்டி. ஒரு தலைப்புல ஆள் ஒசரத்துக்குக் காத்தாடி. கொழுந்தக் கொட்டிட்டு சுவிச்சப் போட்டாப் போதும். காத்தே வாட்டிருது. தட்டு வேணாம், மாடி வேணாம்."

"மாடியில இருக்கவங்க?" என்று அம்மா கேட்டாள்.

 அப்பா சிரித்தார். "காத்தாடின்னா சுத்துற சாமான்தான? சுத்துறது எல்லாம் ரோதமுனிக்குக் கட்டுப்பட்டது. நா அவருக்கு வருசா வருசம் சேவல் குடுக்குறவன். என்னத் தள்ளிவிட மாட்டாரு."

ரோதமுனி ஸ்டோருக்குச் சாமி. ரோதை என்றால் சக்கரம். எந்திரம் எதுவானாலும் அவர் பொறுப்பு. அப்பாவின் கணக்கில் உலகத்துச் சாமான்கள் இரண்டு வகை: சுத்துபவை, சுத்தாதவை. தையல் மிஷின், கிராமபோன், சைக்கிள், கடிகாரம் எல்லாம் சுத்துகிறவை, நல்லவை. டோர்ச் லைட் சுத்தாது. அதனால் அதை அவர் கையால் தொட மாட்டார்.

அந்தக் கணக்கைக் குழப்பத்தான் அண்ணன் ரேடியோவைக் கொண்டுவந்தான். பழைய பெட்டி, கைப்பிடி ஒரு பக்கம் உடைந்தது, ஆனால் வயர் இல்லாமல் பெட்டரியில் பாடியது. லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள எது சுத்துது?"

"ஒண்ணும் சுத்தாதுப்பா."

"ஒண்ணுமே சுத்தாமப் பேசுதா?" அவர் முகம் மாறியது. "அப்ப இது யாரு பொறுப்பு?"

 பக்கத்துக் காம்பரா மாமா, "திருகுற குமிழு சுத்துதே மச்சான், அதுக்கு ஒரு சேவக்குஞ்சு போதும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. ஒரு தேங்காயை உடைத்து அதன் முன்னால் வைத்தார். யாருக்கு உடைக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

மாமாவின் சம்சாரத்தை நான் அத்தை என்பேன். அவள் கவலை வேறு. "செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆம்பளக் கொரல் கேட்டுக்கிட்டே இருக்குது. நா எப்படிடி சீலை மாத்துறது?"

"உம் புருசனே திரும்பிப் பாக்குறதில்ல. அந்தப் பொட்டியா பாக்கப் போவுது?" என்றாள் அம்மா.

அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் அந்தப் பெட்டியில் எனக்கு ஒன்று பிடிக்கவில்லை. பனி இறங்குகிற நேரத்தில் அது பேச்சை விட்டுவிட்டு வெறுமனே இரையும். தூரத்தில் தண்ணீர் வருவது போல ஒரு இரைச்சல். குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதுதான். மேயப் போன மாடு திரும்பி வரும்போது எங்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போகும்.

அதே மாதம் ஸ்டோருக்குப் பெரிய பெட்டிகள் வந்து இறங்கின. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மழை பெய்து பெய்து தார்ப்பாயின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. கொழுந்து நிறுக்கப் போகும்போதெல்லாம் நாங்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பெண்கள் கொஞ்சம் விலகி நடந்தோம். அதை யாரும் திறந்து காட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஸ்டோர் மேல்மாடியின் ஒரு பக்கத் தட்டுகளைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டதாக அப்பா சொன்னார். மறு பக்கம் இருக்கிறதே என்று அம்மா சொன்னாள். ஒரு வாரம் கழித்து மறு பக்கத்திலும் பாதியைக் கழற்றினார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் காற்றாடியை ஓட்டிப் பார்த்தார்கள். நாங்கள் மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றோம். முதலில் காலுக்குக் கீழே ஏதோ அதிர்வது போல இருந்தது. அப்புறம் ஒரு முனகல். லயத்து நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. அம்மா கிள்ளுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். கங்காணி, "என்ன, படம் புடிக்கிறாங்களா, கையை அசை" என்று சத்தம் போட்டார். முனகல் அடங்கின பிறகும் அவள் கை சரியாக ஓடவில்லை.

அன்று அப்பா வீட்டுக்கு வந்து, "சுத்துது. நல்லாத்தான் சுத்துது" என்று மட்டும் சொன்னார். இரவுச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார். கணக்கப்பிள்ளை, மேல்மாடி ஆட்களைப் பற்றி இனித்தான் தோட்டத்துத் துரை யோசிப்பார் என்று சொன்னாராம்.

அந்த யோசனைக்காக நாங்கள் காத்திருந்த நாட்களில்தான் இது நடந்தது.

சாயங்காலம். அடைமழை. அண்ணன் லொறியோடு கொழும்புக்குப் போயிருந்தான். ரேடியோவைத் திருகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் செய்திக்கு நேரமாகிவிட்டது என்று மாமா வந்து குமிழைப் பிடித்தார். இரைச்சல், பாட்டு, மறுபடி இரைச்சல். நடுவில் செய்தி வாசிக்கிறவரின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"...இரு நாட்டுப் பிரதமர்களும்... தோட்டத் தொழிலாளர்... லட்சம் பேர்..."

"சும்மா இருங்க, நம்மளச் சொல்றான்!" என்று மாமா கையைத் தூக்கினார்.

"...லட்சம் பேருக்கு வழங்கப்படும்... இன்னும்... லட்சம் பேர்... ஏற்றுக்கொள்ள... மீதிப் பேர் குறித்துப் பின்னர்..."

மழை கூரைத் தகரத்தில் அடித்தது. அவ்வளவுதான் கேட்டது. மாமா எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மச்சான்! பேர் குடுக்குறாங்க! லட்சக் கணக்குல பேர்! ரெண்டு நாட்டுப் பெரிய ஆளுங்களும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. இனிமே அரைப்பேர்னு ஒண்ணு கெடையாது!"

"மீதிப் பேருன்னானே?" என்றார் அப்பா.

"அது பாக்கி நிக்கிற பேரு. பின்னால குடுப்பாங்க. அவனே சொல்றானே!"

நாங்கள் ஏன் வேறு மாதிரி நினைக்க வேண்டும்? பேர் என்ற சொல்லுக்கு எங்களுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் வயிற்றோடு ஒட்டியது. ஸ்டோர் ஆட்கள், மலை ஆட்கள் எல்லாருக்கும் பேர் நிச்சயம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இனிக் காற்றாடி சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன. மாமா மழையிலேயே ஓடி அடுத்த லயத்துக்குச் சொல்லப் போனார். அங்கிருந்து தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது. கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். "இனி ஒங்க பேர எவன் வெட்டுவான்?" என்று அப்பாவிடம் சொன்னார்கள். அம்மா வெல்லம் போட்டுத் தேத்தண்ணி கொதிக்க வைத்தாள். அப்பா ரேடியோவை முதல் தடவையாகத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வேட்டி நுனியால் அதன் முகத்தைத் துடைத்தார்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணன் நனைந்து வந்தான். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ என்று ஆகிவிட்டது. "யாருக்கு என்ன?" என்றான்.

"பேர் குடுத்துட்டாங்கடா!" என்றார் மாமா.

அவன் எல்லாரையும் ஒரு முறை பார்த்தான். கினிகத்தேனையில் லொறிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்களாம். அங்கே ஒரு கடையில் ரேடியோ தெளிவாகப் பேசியதாம். சிங்கள ஆட்களும் நம்ம ஆட்களும் சேர்ந்து நின்று கேட்டார்களாம். செய்தி முடிந்த பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் கலைந்தார்களாம். கடைக்காரர் மட்டும் அண்ணனிடம் காசு வாங்காமல் ஒரு பணிஸ் ரொட்டியைக் கையில் கொடுத்து, "பவ்" என்றாராம். பாவம் என்று அர்த்தம்.

"அது அந்தப் பேர் இல்லப்பா" என்றான். "ஆளச் சொல்றாங்க."

"எந்த ஆள?"

"நம்மளத்தான். இத்தன லட்சம் பேர இந்தியாவுக்கு அனுப்புறதாம். இத்தன லட்சம் பேருக்கு இங்கயே குடியுரிமை குடுத்து வச்சிக்கிறதாம். மீதிய அப்புறம் பேசிப் பிரிப்பாங்களாம்."

அடுத்த லயத்தில் இன்னும் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "யாராச்சும் போயி அத நிறுத்துங்க" என்றாள். 

 இந்தியாவில், துறையூர்ப் பக்கத்திலிருந்து தன் தாயின் இடுப்பில் வந்தவர் அப்பா. அந்த ஊரைப் பற்றி அவருக்கு ஒரு மரம்கூட ஞாபகம் இல்லை. மடியில் இருந்த பெட்டியை லேசாகத் தட்டினார்.

"அந்தக் கணக்குல நா எதுல இருக்கேன்?"

"அது சொல்லலப்பா."

"எனக்கு இங்க பேர் இருந்தா இங்கயே வச்சிப்பாங்கல்ல? ஸ்டோர்ல பேர் இருக்கவன எப்படி அனுப்புவாங்க?"

அண்ணன் ஈரத் துண்டைப் பிழிந்தான். பிழிந்து முடித்ததையே திரும்பவும் பிழிந்தான்.

"கேட்டுப் பாரேன்" என்றார் அப்பா, குமிழை அவன் பக்கம் திருப்பி.

அண்ணன் குமிழைத் திருப்பினான். எங்கேயோ ஒரு கல்யாணப் பாட்டு வந்தது, பிறகு அதுவும் போய் அந்த இரைச்சல் மட்டும் நின்றது. வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடிக்காமலே சாக்குகளைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அப்பா பெட்டியை மடியிலிருந்து இறக்கவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

மறுநாளும் மழை. பெரட்டில் அப்பாவை ஸ்டோருக்கு வேண்டாம் என்று சொல்லி, மேல் மலையில் தண்ணீர் வடிகிற கான் வெட்ட அனுப்பினார்கள். மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.