சென்சார் பொய் சொல்லுது

என் வீட்டுக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் வைத்த பெயர் 'காது'. நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற இஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, "மூணாவது சிலிண்டர்ல வால்வு" என்பார். கழற்றிப் பார்த்தால் அதேதான் இருக்கும். அந்தப் பெருமையில் மனிதருக்குத் தலைகால் புரியாது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "பேரிங் போகப்போகுது மாமா" என்றார். சொன்னபடியே போனது. இவர் வாய் வைத்ததால்தான் போனது என்று என் அப்பா கடைசிவரை சாதித்தார்.

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் படிப்பு ஏறவில்லை. பட்டறையில் சத்தம் ஏறியது. தகரக் கூரை போட்ட, இரண்டு கார் நிற்கிற ஷெட் எங்களுடையது. வண்டி அவர் பொறுப்பு, சாமான் அலமாரியும் பில்லும் என் பொறுப்பு. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். பெரிய குறை ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு குறை, நான் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். குக்கரை இறக்குங்கள் என்று அடுத்த அறையிலிருந்து கத்தினால் அசையமாட்டார். மகள் போன் செய்தால், ஹலோ ஹலோ என்று ஊரைக் கூட்டிவிட்டு, "சிக்னல் இல்ல, நீ பேசு" என்று என்னிடம் தள்ளுவார். பக்கத்துக் கடை அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். "எந்தப் புருஷன் காதுல வாங்குறான்? என் வீட்டுல இருக்கறது கல்லு" என்று சிரித்தாள். அதோடு நானும் விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வண்டியைக் கொண்டுவந்தார். இஞ்சின் விளக்கு எரிகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை என்றார்.

"தினம் புதுசு புதுசா ஒருத்தன் மிதிக்கிறான். நாலாவது கியர்ல நடக்குற வேகத்துல போறான். பாவம் வண்டி, அதுக்கு வாயிருந்தா அழுதிடும்."

ஸ்கேனர் கருவியை மாட்டியதும் நாக் சென்சார் என்று காட்டியது. அது இஞ்சின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் சின்ன வில்லை. பெட்ரோல் நேரம் தப்பி வெடித்தால் உள்ளே சுத்தியால் அடித்ததுபோல் ஒரு தட்டல் வரும். வில்லை அதைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதமாக்கி இஞ்சினைக் காப்பாற்றும், அதனால் இழுவை குறையும். இவ்வளவும் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

இணைப்பைப் பிரித்துப் பார்த்தார். தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தது. மீட்டர் வைத்தால் முள் தாறுமாறாக ஆடியது. ஒயரையும் சென்சாரையும் மாற்றினார். போல்ட்டை அளவாக முறுக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சென்சார் சரியாகக் கேட்காது. அதற்கென்று இருக்கிற ஸ்பேனரால் பூப்போல முறுக்கினார். விளக்கு அணைந்தது. மாஸ்டர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதே வாரம் திரும்பி வந்தார்.

"காதண்ணே, விளக்கு எரியல. ஆனா இழுவை இல்ல. ஏத்தத்துல டிக்டிக்னு சத்தம் வேற."

மூன்று பேரும் ஓட்டிப் பார்க்கப் போனோம். ஏற்றத்தில் கால் அழுத்தியதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் எழுந்தது. பின்சீட்டில் இருந்த எனக்கே பல் கூசியது.

என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார், மடியில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தார். "ஒரு சத்தமும் இல்லையே மாஸ்டர். இஞ்சின் பால் மாதிரி ஓடுது. சென்சார் பொய் சொல்லுது. இல்லாத தட்டலை இருக்குங்குது, அதை நம்பி கம்ப்யூட்டர் இழுவையைக் குறைக்குது. பீஸ்லயே கோளாறு."

மாஸ்டர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன இருந்தாலும் அவர் காது. எனக்குக் கேட்டது வேறு ஏதோ தளர்ந்த தகடாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இன்னொரு சென்சார் வாங்கி மாட்டினார். அதுவும் அதையேதான் சொன்னது. "உலகத்துல இருக்கற டூப்ளிகேட் எல்லாம் நம்ம தலையிலதான் விடியும்போல" என்று சென்சார் விற்ற கடைக்காரனைப் போனில் கிழித்தார். எதிர்முனையில் அவன் என்ன சொன்னான் என்று கேட்காமலேயே கிழித்தார்.

"ஏங்க, நிஜமாவே அதுல தட்டுதுங்க."

"நீ எனக்குச் சொல்லித்தர்றியா?"

அப்படிக் கேட்டதும் எனக்கும் ரோஷம் வந்தது. அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். சோதனை சுலபம்தான். இஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, சென்சார் பக்கத்தில் சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். தட்டும்போதெல்லாம் ஸ்கேனரில் தீப்பொறி நேரத்தைக் காட்டும் எண் இறங்கினால் சென்சாருக்குக் கேட்கிறது. தட்டாதபோது சும்மா இருந்தால் அது பொய் சொல்லவில்லை.

அவர் உள்ளே ஸ்கேனரோடு உட்கார்ந்தார். தூக்கிய பானெட் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மறைப்பாக நின்றது. மாஸ்டர் என் பக்கத்தில் நின்றார். நான் தட்டினேன். டங், டங், டங். மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"தட்டு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இன்னும் பலமாகத் தட்டினேன்.

"தட்டுடீ! தூங்கிட்டியா? நீ தட்டாமலே எண் இறங்குது பாரு!"

"தட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எட்டிப் பார்த்தேன். அவர் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் எண் இறங்குவதும், கை ஓயும்போது ஏறுவதும் அவர் கண்முன்னால் நடந்தது. மெல்ல நிமிர்ந்து பானெட் இடுக்கு வழியாக என் கையைப் பார்த்தார். சுத்தியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஐயோ, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏன் கண் இருந்தது என்று இருந்தது.

சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினார்.

"எப்பலேர்ந்து தட்டுன?"

"நீங்க உக்காந்ததுலேர்ந்து."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் தேவலை. எத்தனை வருஷம் அந்தத் தகரக் கூரைக்குள் சுத்தியல் சத்தமும் இஞ்சின் இரைச்சலும் அவரைத் தின்றிருக்கும். கட்டைச் சத்தங்களை விட்டுவைத்துவிட்டு, அவருக்குச் சோறு போட்ட அந்தக் கூர்மையான சத்தங்களை மட்டும் கொண்டுபோயிருந்தன. எதிரில் நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறார், அதுகூடத் தெரியாமல்.

"மாஸ்டர், சென்சார்ல குத்தமில்ல. உள்ள கரி கட்டியிருக்கு, அதான் தட்டுது. கழட்டிச் சுத்தம் பண்ணணும். வேற பட்டறைக்குக் கொண்டுபோயிடுங்க."

"என்னண்ணே, நீங்களே பண்ணுங்க. இப்பல்லாம் காதுக்கு மெஷின் இருக்கு."

"மெஷின் வச்சா நீங்க பேசறது கேக்கும். பிஸ்டன் பேசறது கேக்குமா?"

மாஸ்டர் சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியை எடுத்தார். வாசல் சரிவில் ஏறும்போதே டிக்டிக் என்று சிதறியது. பக்கத்துக் கடை அக்கா திரும்பிப் பார்த்தாள். வண்டி முனை திரும்பி மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஏறுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை இறுக மூடியிருந்தார். நான் ஒட்டி நின்றேன்.

"கேக்குதா உனக்கு?"

அவர் தோளைத் தொட்டு, காதருகே வாயை வைத்து, "கேக்குதுங்க" என்றேன்.

"நின்னதும் சொல்லு."

மேடு தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கேக்குதா?"

"கேக்குதுங்க."

தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அந்தப் பழைய சாய்ப்பு.

"ஆமாம்" என்றார். "எனக்கும் இப்ப லேசா கேக்குது."