சூடு தெரியாத கால்

சித்திரைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனோம். நான், என் மனைவி, அவள் தம்பி மூன்று பேரும். கிளம்பவே நேரமாகிவிட்டது. அடி அண்ணாமலையைத் தாண்டும்போது உச்சி வெயில். வெறுங்காலோடு வந்த ஜனமெல்லாம் தார் ரோட்டை விட்டுவிட்டு, ஓரத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் குதித்துக் குதித்துப் போனது. அந்தக் கோட்டில் சூடு கம்மி. நான் மட்டும் நடுத் தாரில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தேன்.

"மாமா, உங்களுக்குச் சுடலையா?" என்றான் மைத்துனன்.

"இல்லியே."

"அக்கா, இங்க பாரு! மாமாவுக்கு மட்டும் அண்ணாமலையாரு தண்ணி தெளிச்சு வெச்சிருக்காரு!"

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் வந்த ஓர் அம்மா சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகிப்போனது. நாலு பேர் நிற்கும் இடத்தில் பேச வராது எனக்கு. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஆட்டோ ஓட்டுகிறேன், தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ஸ்டாண்டில்கூட ஓரமாகத்தான் நிற்பேன். ஆனாலும் அந்த அம்மா தொட்டது உள்ளுக்குள் பிடித்திருந்தது. ஏழெட்டு மாதமாகப் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததும், பிறகு மரத்துப்போனதும், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருக்கோடி வரை நடந்ததும் அப்போது நினைவுக்கு வரவில்லை. அருள்தான் என்று நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். "சாமி சோதிக்கிறாரு" என்று மனைவி மஞ்சளை அரைத்துப் பூசினாள்.

கொப்புளம் ஆறியதும் செங்கம் ரோட்டில் ஒரு சவாரி. பின்னால் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. முன்னால் போன பஸ் நின்றது. பிரேக்கை அமுக்கினேன். அமுக்கியதாகத்தான் நினைத்தேன். கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தகட்டை மிதித்துக்கொண்டிருந்தது. ஹேண்டிலை ஒடித்து மண்ணில் இறக்கினேன். டீக்கடை பெஞ்சில் மோதி வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. "கண்ணு தெரியாதாய்யா உனக்கு?" என்று அந்தப் பெண் கத்தினாள். குழந்தை அழக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. வண்டியை எடுக்கப் பயம். வீட்டில் உட்காரவும் முடியவில்லை. ஸ்டாண்டுக்குப் போவேன், சவாரி வந்தால் அடுத்த வண்டியைக் கை காட்டிவிடுவேன். விஷயம் மனைவி காதுக்குப் போனது. திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

சர்க்கரை இல்லை என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள், இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். கடைசியில் நரம்பு டாக்டர் சொன்னார்: "கிருமியோட சண்டை போட ரத்தத்துல புரதம் உற்பத்தி ஆகும். உங்களுக்கு அதுல ஒரே வகை ஜாஸ்தியா ஆகுது. அது கிருமிய விட்டுட்டு உங்க நரம்பையே அடிக்குது. ஒயர் மேல ரப்பர் உரிஞ்சுபோன மாதிரி. அதான் காலுக்கு எதுவும் தெரியல."

"அப்ப சாமி இல்லீங்களா?" என்றாள் மனைவி.

டாக்டர் விளங்காமல் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "என்ன வேலை செய்றீங்க?"

வாட்ச்மேன் என்று சொல்லிவிடுவதாக வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். மனைவி தரையைப் பார்த்தாள். மடியில் குழந்தையோடு அந்தப் பெண் கண்முன் வந்தாள்.

"ஆட்டோங்க."

கண்ணை மூடச் சொன்னார். கால் கட்டைவிரலை அசைப்பேன், மேலேயா கீழேயா சொல்லுங்க என்றார்.

"மேலங்க."

"இப்போ?"

"கீழங்க."

கண்ணைத் திறந்தேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "ரெண்டுமே தப்புங்க" என்றாள் மெதுவாக.

"மருந்து ஏத்தலாம்" என்றார் டாக்டர். "அந்தப் புரதம் குறைஞ்சா உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். மாசக்கணக்குல ஆகும். திரும்பாமலும் போகலாம். அதுவரைக்கும் வண்டிய தொடாதீங்க."

இப்போது மைத்துனன்தான் ஓட்டுகிறான். மருந்து ஏற்றும் நாட்களில் என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப்போகிறான்.

"மாடு வருது பாரு. பஸ்ஸு நிக்கப்போவுது. பிரேக்குல கால வெய்."

"மாமா, இருபது வருஷமா உங்ககிட்ட இவ்ளோ பேச்சு நான் கேட்டதே இல்ல. வாய மூடிக்கினு வாங்க."

சரி என்றேன். அடுத்த வளைவு வருவதற்குள் மறுபடியும் சொல்லிவிட்டேன்.