மேல்கோட்டைப் பயணமும் ஜன்னலில் நின்றுவிட்ட பால் டின்னும்

மேல்கோட்டைக்குப் போய்வந்து ஒரு வாரம் ஆகிறது. இடுப்புவலி இன்னும் போகவில்லை. கைக்குழந்தையோடு அங்கே போக நினைக்கிறவர்கள் இருந்தால் எங்கள் அனுபவம் அவர்களுக்காவது உதவட்டும் என்று, குழந்தை தூங்குகிற இந்த முக்கால் மணி நேரத்தில் எழுதுகிறேன். எழுத்து எங்காவது தடுமாறினால் அவன் புரண்டு படுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசவமான கையோடு எனக்கு டைபாய்டு வந்தது. எழுந்து உட்காருவதற்குள் தாய்ப்பால் நின்றுபோயிற்று. டாக்டர் சீமைப் பால் பவுடர் எழுதிக்கொடுத்தார். நான் பிழைத்து எழுந்தால் குழந்தைக்கு முதல் சாதத்தை மேல்கோட்டைச் செல்வப்பிள்ளை சன்னிதியில் ஊட்டுவதாக என் கணவர் வேண்டிக்கொண்டாராம். வேண்டிக்கொள்ள அவர், மூட்டை கட்ட நான். குழந்தை சம்பத்துக்கு ஆறாம் மாதம் நடக்கும்போதே முடித்துவிடலாம் என்று மாசியில் ஒரு வியாழக்கிழமை பார்த்தோம். பதினொன்றரைக்குள் நல்ல வேளை என்றார்கள்.

எங்கள் வீடு மைசூர் லக்ஷ்மிபுரத்தில். கணவருக்கு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை. எங்களோடு அவருடைய அக்கா அலமேலக்கா இருக்கிறார். பத்தொன்பது வயதில் கணவரை இழந்து பிறந்தகத்துக்கு வந்தவர். சமையலறை அவருடைய ராஜ்யம். விடியற்காலையில் குளித்து, தனியாக உலர்த்திய புடவையை உடுத்தி, யார் மேலும் படாமல், மடியாகத் தளிகை பண்ணுவார். பால் பவுடர் டின்னில் என்ன கலந்திருக்கிறானோ என்று அதை அடுப்படிக்குள் விட்டதில்லை. அது கூடத்து ஜன்னலில், என் கணவரின் சவர சாமான்களுக்குப் பக்கத்தில் குடியிருந்தது. மத்தியானம் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா குழந்தையைத் தூக்குவார். தூக்கினால் லேசில் கீழே விடமாட்டார்.

பட்டியலுக்கு வருகிறேன். கணவரின் ஆபீஸில் கொடுத்த போன வருஷத்து டைரி ஒன்று வெற்றாகக் கிடந்தது. பயண மூட்டைக்கெல்லாம் அதில்தான் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு பொருள். பொருளுக்கு முன்னால் ஒரு புள்ளி. எடுத்து வெளியே வைத்தால் புள்ளிமேல் ஒரு கோடு. பைக்குள் போய்விட்டால் இன்னொரு கோடு போட்டுப் பெருக்கல் குறி. அங்கே போய் வாங்கவேண்டியதற்கு வட்டம். தூக்கமில்லாத தலைக்கு இது பெரிய ஒத்தாசை. என் கணவர் இதற்கு 'மைசூர் கெஜட்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் போதாது. இடப்பக்கம் மடி, அதாவது அக்காவின் கூடைக்குள் போகிறவை: புளியோதரை, தத்தியோன்னம் என்கிற தயிர்சாதம், தீர்த்தச் சொம்பு. வலப்பக்கம் மற்றதெல்லாம்: துணிகள், குடை, ரப்பர் ஷீட், கைவைத்தியம். குழந்தையின் பாட்டிலும் பிளாஸ்கில் வெந்நீரும் என் பைக்குள் போகிறவை என்றாலும் அடுப்படியிலிருந்து வரவேண்டியவை என்பதால் இடப்பக்கம் எழுதினேன். கூடவே போகிறதுதானே என்று பால் டின்னையும் அதன் கீழேயே எழுதிவிட்டேன். அக்கா அதைத் தொடமாட்டாரே என்று பிறகு நினைவு வந்து வலப்பக்கத்திலும் எழுதினேன். இடப்பக்கத்து வரியை அடிக்க மறந்தேன்.

காலை ஐந்தரைக்கு வாசலில் ஜட்கா வந்து நிற்க, கணவர் டைரியை வைத்துக்கொண்டு ஆஜர் எடுத்தார். இடப்பக்கத்தில் "பால் டின்" என்று கூப்பிட்டார். நான் கொல்லையிலிருந்து, "அது என் பக்கம்" என்று கத்தினேன். சரி, டின் என்னிடம் இருக்கிறதென்று நினைத்துப் பெருக்கல் போட்டார். வலப்பக்கம் வந்ததும், 'இதுதான் அப்போதே ஆயிற்றே' என்று என்னைக் கேட்காமலே இன்னொரு பெருக்கல் போட்டார். பட்டியலில் இரண்டு தடவை ஏறிய டின், வீட்டை விட்டு ஒரு தடவைகூட இறங்கவில்லை.

மைசூரிலிருந்து ஆறரைக்கு ரயில். பன்னிரண்டு மைல்தான், ஆனால் அது நின்று நின்று போகிற வண்டி. பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சு ராக்ஸ் என்றே சொல்லும் பாண்டவபுரத்தில் இறங்கவேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி இரண்டு அணா, காப்பி சுமார். அங்கிருந்து மேல்கோட்டை பதினாறு மைல். பஸ் எட்டரைக்கு என்றார்கள். ஆள் நிரம்பிய பிறகு, ஒன்பதுக்கு எடுத்தார்கள். பெண்கள் முன்பக்கம் உட்காரலாம். அக்கா ஜன்னலோரத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ்ஸில் நாலு பேர் மேலே படாமல் முடியாது. "என் மடி போனா போறது, கல்யாணிக் குளத்திலே குளிச்சுக்கறேன். கூடை கெடாம இருந்தா சரி" என்றார்.

பாதி வழிக்கு மேல் வந்திருப்போம். ஒரு பெரிய சத்தத்தோடு பஸ் சாய்ந்து நின்றது. டயர் வெடித்துவிட்டது. மாற்று டயரை இறக்கினார்கள்; அதிலும் காற்று இல்லை. சுற்றிலும் அறுவடையான கேழ்வரகுக் கொல்லை, பாறை, வெயில். கண்ணுக்கெட்டிய வரை ஒரு வீடு இல்லை.

கண்டக்டர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழில் சொல்லப் பார்த்தார். "ரெண்டு டயரும் ஹோயித்து அம்மா. இன்னொரு பஸ் பரும். அதுலே டயர் வாங்கி ஹாக்கணும். ஸ்வல்ப தாளி."

இரண்டு டயரும் போயிற்று, அடுத்த பஸ்ஸில் டயர் வாங்கி மாட்டவேண்டுமாம்; ஸ்வல்ப தாளி என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். பெரியவர்கள் பொறுப்போம். சம்பத்து வீட்டில் பால் குடித்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் சிணுங்கினான், பிறகு அழுதான். பையைத் திறந்தேன். பாட்டில் இருந்தது, ரப்பர் இருந்தது, கழுவுகிற பிரஷ் இருந்தது, அளக்கிற ஸ்பூன் இருந்தது, பிளாஸ்கில் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க இருந்தது. டின் இல்லை. கணவர் டைரியைப் பிரித்து இரண்டு பெருக்கல் குறிகளையும் எனக்குக் காட்டினார். அந்த டைரியைக் கொல்லையில் வீசியெறிந்திருப்பேன், கையில் குழந்தை இல்லாவிட்டால்.

வெறும் வெந்நீரை ஆற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் சப்பிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்கு மேல் அவன் அழுத அழுகைக்குப் பஸ்ஸிலிருந்த ஆண்களெல்லாம் ஒவ்வொருவராக இறங்கி மர நிழலுக்குப் போய்விட்டார்கள். கணவர் வந்த வழியே பால் தேடி நடந்தார். முக்கால் மணி ஆகியும் ஆளைக் காணோம். குழந்தைக்குத் தொண்டை கட்டிச் சத்தம் குறைந்தது. எனக்கு அழுகிற சத்தத்தைவிட அது குறைந்ததுதான் பயமாக இருந்தது.

அக்கா அதுவரை கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. திடீரென்று கூடையின் மேல்துணியை அவிழ்த்தார். நாலு பேர் மேல் பட்ட கையால் திறந்தால் அதிலுள்ள அத்தனையும் மடி கெட்டது. அப்புறம் அவர் அதைச் சாப்பிடமாட்டார். அன்றைக்கு முழுப் பட்டினிதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெள்ளிக் கிண்ணத்தில் தத்தியோன்னம் கொஞ்சம் எடுத்து, பிளாஸ்கு வெந்நீரை விட்டு, கட்டைவிரலால் கூழாகும்வரை மசித்தார்.

"கையை நீட்டு. நான் போடறேன், நீ ஊட்டு" என்றார்.

"நான் எதைப் பிடிப்பேன்? திமிர்றான் பாருங்கோ. நீங்களே ஊட்டுங்கோ."

"முதல் சாதம்டீ. நான் எப்படி ஊட்டறது?"

நல்ல காரியங்களில் அக்கா தூணுக்குப் பின்னால் நின்றுவிடுவார். யாரும் சொல்லவேண்டியதில்லை, அவரே போய் நின்றுகொள்வார். அன்றைக்கும் சன்னிதியில் அப்படித்தான் நிற்பதாக இருந்தார்.

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். பெருந்தன்மையால் சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அலுப்பில் சொன்னேன்.

அக்கா ஊட்டினார். முதல் வாயை நாக்கால் வெளியே தள்ளினான். அவர் அதை வழித்து மறுபடி வைத்தார். விழுங்கினான். மூன்றாவது வாய்க்குத் தானாகவே வாயைத் திறந்தான். கிண்ணம் காலியானபோது குழந்தை அவர் தோளில் கிடந்தான். முன் சீட்டிலிருந்த கவுடச்சி அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்து, தன் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி இவனுக்கும் விரல் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள்.

கணவர் வெறுங்கையோடு திரும்பினார். இன்னொரு பஸ் வந்து, டயர் மாறி, மேல்கோட்டை போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டேகால். நல்ல வேளையெல்லாம் தாண்டிவிட்டது. நடை சாத்த அரைமணிதான் இருந்தது. அக்கா கல்யாணியில் முழுகிவிட்டு ஈரப்புடவையோடு ஓடிவந்தார். சன்னிதியில் அக்காரவடிசலைக் கையில் வைத்துக்கொண்டு அர்ச்சகர் கேட்டார்: "முதல் அன்னம்தானே?"

அக்கா தூணுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்.

"இல்லை ஸ்வாமி. முதல் அன்னம் இவன் அத்தை ஊட்டியாச்சு. இது இரண்டாவது" என்றேன். இதை அலுப்பில் சொல்லவில்லை.

அர்ச்சகர் என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "சரி, பிரசாதத்துக்கு என்ன கணக்கு" என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார். வெளியே வந்ததும் அக்கா, "உனக்கு வாய் சும்மாவே இருக்காதா?" என்று திட்டினார். திட்டும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

போகிறவர்கள் கவனிக்க: கடைசி பஸ் நாலரைக்கு, அதை நம்பி மாலையில் மலை ஏறாதீர்கள். மலைமேல் இருக்கிற நரசிம்மரைக் கைக்குழந்தையோடு நான் கீழே இருந்தே கும்பிட்டேன். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கல்யாணிப் படிகளில் பாசி வழுக்கும். குழந்தை சாப்பிடுகிற பொருளைப் பையில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளையும் பட்டியலில் இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். இரண்டு பேர் பொறுப்பு என்றால் அது வீட்டிலேயே நின்றுவிடும். கூப்பிடுகிறவர் கையில் பேனாவைக் கொடுக்காதீர்கள். பைக்குள் வைக்கிறவர்தான் பெருக்கல் போடவேண்டும்.

அடுத்த மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் போவதாக இருக்கிறோம். நேற்று டைரியை எடுத்து உட்கார்ந்தேன். வலப்பக்கத்தில் புள்ளி வைத்துப் பால் டின் என்று எழுதப்போனபோது அக்கா அடுப்படியிலிருந்து, "அதை இந்தப் பக்கம் எழுது" என்றார்.

"நீங்க தொடமாட்டேளே?"

"எழுதுடீன்னா."

இடப்பக்கத்தில் எழுதினேன், ஒரே ஒரு தடவை. டின் இப்போது ஜன்னலில் இல்லை. அடுப்படி அலமாரியில், உப்பு ஜாடிக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவில் இருக்கிறது.