ஈயம் வைத்த கை

என் கணவர் கையில் இழைப்புளி நன்றாகப் பேசும். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பஹ்ரைனில் ஒரு ஸ்னூக்கர் கிளப்பில் மேசைகளைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். அங்கே பந்தடித்து உடைந்துபோன கியூக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே, அந்தக் கம்பு எப்படி உருவாகிறது என்று கண்டுகொண்டார். ஊருக்கு வந்ததும் ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு பட்டறை கட்டினார். ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் பட்டறையின் சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுத்தான் பசை தடவ வேண்டும். இல்லையென்றால் தூசி ஒட்டிக்கொள்ளும்.

தண்டுக்கு ஆஷ் மரம். கொச்சியில் ஒரு வியாபாரி வெளிநாட்டிலிருந்து தருவிப்பார். நரம்பு நேராக ஓடுகிற பலகையாகப் பொறுக்கி எடுத்து அறுத்து, கொஞ்சம் இழைத்துவிட்டுத் தொங்கப்போடுவார். சில வாரம் கழித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்தைப் பார்ப்பார். வளையாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் இழைப்பார். வளைந்தது அடுப்புக்குப் போகும். பிறகு தண்டின் அடிப்பகுதியை நான்கு பக்கமும் சரிவாகச் சீவி, சரிவுக்கு ஒன்றாகக் கருங்காலித் துண்டுகளை ஒட்டி இறுக்கிக் கட்டுவார். காய்ந்தபின் எல்லாவற்றையும் சேர்த்து உருட்டாக இழைக்கும்போது, கறுப்பு நான்கு நாக்குகளாக வெளுத்த மரத்துக்குள் ஏறி நிற்கும். மேல்முனையில் பித்தளை வளையம், அதன் தலையில் தோல். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

எடை விஷயத்தில்தான் அவருக்குக் கை வரவில்லை.

ஒரு கியூ ஏறக்குறைய அரைக்கிலோ இருக்க வேண்டும். மரம் மட்டும் அவ்வளவு வராது. அதனால் அடியில் துளை போட்டு ஈயம் வைத்து அடைப்பார்கள். அவரும் தராசில் நிறுத்து, குறைகிற அளவுக்கு ஈயம் வைத்தார். மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போன கியூவைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"பின்னால இழுக்குது. முனை கையில நிக்க மாட்டேங்கு" என்றார்.

என் கணவர் இன்னும் கொஞ்சம் ஈயத்தை அடியில் வைத்தார். மேலும் மோசமானது. அன்று கோபத்தில் கியூவை மூலையில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் இராஜாக்கமங்கலத்துக்காரி. வலையில் கோர்க்கிற ஈயக்குண்டுகளோடு வளர்ந்தவள். குண்டு எவ்வளவு கனம் என்பதைவிட அதை எங்கே கட்டுகிறோம் என்பதில்தான் வலை விழுகிற விதம் இருக்கிறது. அந்தக் கியூவின் அடைப்பைப் பிடுங்கி, ஈயத்தைக் குறைத்து, மிச்சத்தைத் துளைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். கியூவை விரல்மேல் வைத்துப் பார்த்தேன். சாயாமல் நிற்கிற புள்ளி முன்னால் நகர்ந்திருந்தது. மார்த்தாண்டத்துக்காரர் மறுநாள் வந்து வீசிப் பார்த்தார். உறையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த மாதம் கூட்டாளிகள் இரண்டு பேரை அழைத்து வந்தார்.

அதன்பிறகு எடை என் வேலையானது. வருகிறவர் கையில் ஈயம் வைக்காத ஒரு கியூவைக் கொடுத்து, மெல்லிய ஈயத்தகட்டை அதன்மேல் சுற்றி ஒட்டி, மேலும் கீழும் நகர்த்துவேன். அவர் முகத்திலிருந்து சுளிப்பு எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுவேன். கணவருக்காக அளவெடுக்கிறேன் என்றுதான் வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். என் கணவரிடம் அடிக்கடி சொல்வேன்: "கையில எடுத்தா கனம் தெரியப்பிடாது. கீழ வச்சாத்தான் தெரியணும்." அவர் தலையாட்டுவார்.

ஆனால் வருகிறவர்களிடம் முன்பக்கம் உட்கார்ந்து பேசுகிறவர் அவர். எடை வைப்பது யார் என்று யாராவது கேட்டால், "எல்லாம் நம்ம கைதான்" என்பார். நம்ம என்பதில் நானும் இருக்கிறேன் என்றுதான் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

ஒருமுறை கேட்டுவிட்டேன். "எனக்க பேரச் சொன்னா என்ன?"

"ஏட்டி, பொம்பள வெயிட்டு வச்சான்னு சொன்னா எவன் வாங்குவான்?"

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

தோஹாவில் ஒரு பெரிய கிளப் அவரைக் கூப்பிட்டது. அங்கேயே பட்டறை, தங்க அறை, உறுப்பினர்களுக்குக் கியூ செய்து கொடுக்க வேண்டும். போனார். போன கொஞ்ச நாளில் வீடியோவில் அழைத்தார். கியூக்கள் திரும்பி வருகின்றனவாம்.

"கருங்காலி கனத்த மரமா?" என்று கேட்டேன்.

"நல்ல கனம்."

"அப்பம் ஈயத்தக் குறைச்சிட்டு, நல்லா உள்ள தள்ளி வையுங்க. விரல்ல வச்சுக் காட்டுங்க பாப்போம்."

காட்டினார். இன்னும் உள்ளே என்றேன். அப்படியே ஒவ்வொரு கியூவுக்கும் அழைத்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு தோஹாவில் ஈயம் வைத்தேன். சொன்னால் சிரிப்பார்கள், அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பிறகு அந்த வீடியோ வந்தது. கிளப்காரர்கள் அவரைப் பேட்டி எடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். என் நாத்தனார் தோவாளையிலிருந்து பெருமையோடு பஸ் ஏறி வந்து, தன் போனில் காட்டினாள். அவர் நல்ல சட்டை போட்டு, ஒரு கியூவை விரல்மேல் நிறுத்திக்கொண்டு பேசினார். "கையில் எடுத்தால் கனம் தெரியக்கூடாது, கீழே வைத்தால்தான் தெரிய வேண்டும்." யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார்கள். "யாரும் சொல்லித் தரல. தானா வந்தது" என்றார்.

"எங்கண்ணனுக்க அறிவப் பாத்தியளா மைனி" என்றாள் நாத்தனார். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அன்று அவர் அழைத்தபோது அந்த வீடியோவைப் பற்றிக் கேட்டேன். "இதுல என்ன இருக்கு? பேரு நம்ம வீட்டுக்குத்தானே" என்றார். அடுத்த மூச்சிலேயே, புதிதாக ஒரு கியூ முன்பக்கம் கனக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார்.

"தானா வந்ததுல்லா. இதுவும் தானா வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகும் அழைத்தார். எங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசினேன், மழையைப் பற்றிப் பேசினேன். ஈயத்தைப் பற்றிப் பேசவில்லை.

அவர் காயப்போட்டுவிட்டுப் போன தண்டுகள் பட்டறையில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி நானே இழைத்தேன். முதலாவது கெட்டது. இரண்டாவதை முழுக் கியூவாக முடித்து, நாகர்கோவிலில் எங்களிடம் வழக்கமாக வாங்குகிற கிளப்காரரிடம் கொண்டுபோனேன். மேசையில் உருட்டினார், வளைவில்லாததால் துள்ளவில்லை. குனிந்து நாலைந்து பந்து அடித்தார். முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி செஞ்சு வச்சிட்டுப் போனதா?"

"இல்ல. நான் செஞ்சது."

கியூவை மறுபடி தூக்கிப் பார்த்தார். இந்தமுறை அடியில் ஏதோ கோணல் தெரிந்ததுபோல அதையே பார்த்தார். "அண்ணாச்சி வந்த பொறவு பாப்போம் மைனி" என்று என் கையில் தந்தார். டீ வாங்கித் தந்து மரியாதையாகத்தான் அனுப்பினார்.

தோஹாவில் விசாவைப் புதுப்பிக்கவில்லை. என் கணவர் திரும்பி வந்தார். பெட்டியை வைத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய் இழைக்க உட்கார்ந்தார். இரண்டு கியூ முடித்துச் சுவரில் சாய்த்தார். தானே ஈயமும் வைத்திருந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எவ்வளவு நல்ல தண்டு, கழுதைக்குப் பொதி ஏற்றியதுபோல இருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அடைப்பைப் பிடுங்கினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு பார்க்காததுபோல இழைப்புளியைத் தட்டி அலகைச் சரிசெய்தார். மன்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. நான் தோற்றது அவரிடம் இல்லை, அந்த மரத்திடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை.

இப்போது ஆர்டர்கள் என் போனுக்கு வருகின்றன. கியூக்களின் படங்களை இணையத்தில் நான்தான் போடுகிறேன். பேர் தெரியாதவர்கள் 'சூப்பர் ப்ரோ' என்று எழுதுகிறார்கள். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆட்டக்காரர் அழைத்தார். என் குரலைக் கேட்டதும், "சார்கிட்ட குடுங்கம்மா, எடை விஷயமா பேசணும்" என்றார்.

"சார் வெளிய போயிருக்காரு. சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

அவர் சொன்னார். கியூவைப் பிடிக்கிற கை அடியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும் என்று கேட்டேன். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா, சார்கிட்ட நான் சொன்னதை அப்படியே சொல்லிடுங்க" என்றார். சரி என்றேன். பட்டறைக்குப் போய் துளை போடத் தொடங்கினேன்.