அம்மா கழுவிய மரமேடை

இந்த நாட்டுச் சமையலறைகளில் கழுவிய தண்ணீரைத் தள்ளிவிடத் தரையில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிட்டுச் சுத்தம் என்று நம்புகிறார்கள். ஏற்காட்டுக்குப் பக்கத்தில், கரடியூரில் எங்கள் வீட்டில், சமையல் முடிந்ததும் அம்மா கடப்பாக்கல் மேடையில் தண்ணீரைச் சாய்த்து, நாரால் தேய்த்து வழித்துவிடுவார். அந்தத் தண்ணீர் சுவரோரத்து ஓட்டை வழியே போய்ப் பின்னாலிருக்கும் காப்பிச் செடிகளுக்குப் பாயும்.

அப்பா போனபின் அம்மா அங்கே தனியாக இருந்தார். எப்படியாவது அவரை என்னோடே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஒரே நினைப்பு. அடுப்பங்கரை பிடித்துப்போனால் இருந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். இங்கத்திய குளிரில் கல்மேடையைத் தொட்டால் விரல் விறைத்துப்போகும், அம்மாவுக்கோ மூட்டுவலி. அதனால் மரத்திலேயே மேடை செய்யத் துணிந்தேன். தச்சு வேலை எனக்குக் காணொளிகள் போட்ட பிச்சை. மர மில்லில் இழைக்காத மேப்பிள் பலகைகளை வாங்கி, ரம்பத் தடம் போக இழைத்து, ஒன்றோடொன்று பசை வைத்து இறுக்கி, உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசி முடிப்பதற்குள் ஒரு குளிர்காலமே போய்விட்டது.

அம்மா வந்ததும் மேடையைத் தடவிப் பார்த்தார். "நொம்ப வழவழன்னு இருக்குது கண்ணு. மாரமங்கலத்து மாமன் ஊட்டுக் கட்டலுகூட இப்பிடி இல்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நானும் மனைவியும் வேலைக்குப் போனபின் அம்மா மேடையைக் கழுவினார். தினமும் கழுவினார். தரை நனையாமல் துண்டுகளை அணைபோல் போட்டு, சொம்பு சொம்பாக ஊற்றி. பிள்ளை செய்த பொருளாயிற்றே, பளிச்சென்று இருக்க வேண்டாமா? நான் கவனித்தபோது பலகைகள் உப்பி, ஒட்டிய இடங்கள் வாய் பிளந்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, பைப் உடைந்ததா என்று கேட்டார். அம்மா தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கு ஞாபக மறதி எப்போதிலிருந்து என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

நான் அம்மாவைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மேடை மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டேன், அவ்வளவுதான். இன்று நினைத்தால், சத்தம் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அம்மாவும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பார், சொந்த வீட்டில் திட்டுவதுபோல. மாறாக, விரிப்பைப் பார்த்த நாளிலிருந்து விருந்தாளி ஆகிவிட்டார். "சாமி, இந்த டம்ளர இங்க வெக்கலாமா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். கொஞ்ச நாளில், "காப்பிப் பழம் எடுக்கற நேரம் வந்திருச்சு கண்ணு, நா ஊருக்குப் போறேன்" என்றார். தடுக்காமல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.

போன மாதம் விடுமுறையில் கரடியூர் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும், அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று துணியை ஒட்டப் பிழிந்து, ஈரம் நிற்காதபடி கல்மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணிய ஊத்து சாமி, ஒண்ணும் ஆவாது" என்றார். "இது உன்ற ஊடுதான்."

பக்கத்து அண்டாவில் தண்ணீர் நிறைய இருந்தது. எனக்குத்தான் கை வரவில்லை.