பம்புக்குப் போட்ட மாலை

மரப்படகு ஒழுகாது என்று யாராவது சொன்னால், அவர் உங்களுக்குப் படகு விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். என்னிடம் அப்படிச் சொன்னவர் கோத்தா திங்கியில் மீன்பிடித்து ஓய்ந்த ஒரு மலாய்க்காரர். பதினாறு அடிப் படகு, என்னைவிட வயதில் மூத்தது, பலகையெல்லாம் கையால் இழைத்தது. பார்த்த மாத்திரத்தில் புத்தி மழுங்கி வாங்கிவிட்டேன். ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் அடிப்பலகைக்குக் கீழே சேரும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மின்சார பம்ப் அதை இறைத்து ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். பம்ப் ஓடும்வரை அது படகு, நின்றால் தொட்டி.

இதில் கேவலம் என்னவென்றால், என் பிழைப்பே பம்ப்தான். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பம்ப் ரிப்பேர் செய்கிறேன். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்.

என் மனைவி அந்தப் படகைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். நாலு வருடத்தில் அதில் கால் வைத்ததில்லை. போன ஆயுத பூஜையன்று கார், மோட்டார் சைக்கிள், துளை போடும் மெஷின், அவளுடைய கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்ததும், "சக்களத்திக்கு ஒன்னும் இல்லையா?" என்று சீண்டினேன். அவள் மிச்சமிருந்த சாமந்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நூலை எடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

படகுத்துறையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். எஞ்சினுக்குச் சந்தனம், முனைக்கு ஒரு மாலை. எல்லாம் முடிந்ததும் கேட்டாள், "இது முங்காம எதுங்க காப்பாத்துது?"

பலகையைத் தூக்கிப் பம்பைக் காட்டினேன்.

"அப்ப மொதல்ல இதுக்குத்தானே செய்யணும்?" என்று சொல்லி, ஒரு முழம் சாமந்திச் சரத்தை அதன் கழுத்தில் சுற்றிக் கட்டினாள்.

தொழிற்சாலையில் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் எவனாவது ஒரு துண்டு நூலைப் போட்டிருந்தால், அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருப்பேன். அங்கே என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். போட்டோ எடுத்தேன். பலகையை மூடினேன்.

பிறகு ஆற்றில் கொஞ்ச தூரம் போனோம். அவள் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தாள். "அடுத்த வாட்டி நாசி லெமாக் கட்டிட்டு வரலாம்லா" என்றாள். தேங்காய்ப்பால் சோறு கட்டிக்கொண்டு சக்களத்தியோடு ஊர்வலமாம்! படகு வாங்கியதிலிருந்து எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

ஒரு வாரம் கழித்து மூன்று நாள் விடாத மழை. படகுத்துறையிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் படகு கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது. துறையில் இருந்தவர்களும் நானும் ஆளுக்கொரு வாளியோடு இறைத்துத் தூக்கிவிட்டு, சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்தேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நாலு வருஷமா ஒன்னும் ஆவல. நான் கால் வெச்சேன், முங்கிடுச்சு. என் ராசி அப்படி. அதை வித்துடுங்க, இல்லாட்டி நீங்க மட்டும் போங்க. நான் இனி வரமாட்டேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பம்பைத் திட்டிக்கொண்டே குளிக்கப் போய்விட்டேன். அடுத்த பத்து நாளும் என் தலைக்குள் ஓடியதெல்லாம் இந்தப் பம்ப் போதாது, மணிக்கு எத்தனை கேலன் இறைக்க வேண்டும் என்ற கணக்குதான்.

பாசிர் கூடாங்கில் படகுச் சாமான் விற்கும் சீனக் கிழவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், இருப்பதிலேயே பெரிய பம்பைக் கேட்டேன். குழாய் அளவு பார்க்க வேண்டும் என்று, நான் கொண்டுபோயிருந்த பழைய பம்பைக் கையில் வாங்கினார். அடிமூடியைக் கழற்றினார். உள்ளே தண்ணீரைத் தள்ளும் காற்றாடி தெரியவில்லை, வெள்ளை நூல்தான் தெரிந்தது. இறுகச் சுற்றிய நூல், நடுவே கறுத்துப்போன பூவிதழ்.

"அலமாக்! நீ ஓட்டுறது படகா, கோயிலா?" என்று மலாயில் கேட்டார்.

என் தொழிலைச் சொல்லவில்லை. சொல்லும்படியாகவா இருந்தது?

பெரிய பம்பைத் திரும்ப அலமாரியில் வைத்தார். பெரிய பம்ப் பெரிய மாலையைத் தின்னும், அவ்வளவுதான் என்றார். அதோடு என் கிழட்டு பேட்டரியை ஒரே ராத்திரியில் குடித்துத் தீர்த்துவிடுமாம். அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்தார். அடியிலிருக்கும் சல்லடையை ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிட்டது. "இதுக்கு மெக்கானிக் வேண்டாம், உன் பொண்டாட்டியே கழுவுவா" என்றார். அதையே வாங்கினேன்.

வண்டியில் உட்கார்ந்ததும் பழைய பம்பைக் குப்பையில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். மறைத்தால் பழி அவள் ராசிக்கு, சொன்னால் அவள் மாலைக்கு. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. கூலாயில் வீடு வந்து சேரும்வரை இதே யோசனைதான்.

அவள் சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் பேப்பரை விரித்துப் பம்பை வைத்தேன்.

"நூல் சுத்திக்கிச்சு. கட்டினது நீ. பாத்துக்கிட்டே பலகைய மூடினது நான். பம்ப் மெக்கானிக் நீயா, நானா?"

அவள் தாலிக்கொடியிலிருந்த ஊக்கைக் கழற்றி, நூலைக் குத்தி இழுக்க ஆரம்பித்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசி முடிச்சும் வந்தபிறகு, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்ப என் ராசி இல்லையா?"

"இல்ல" என்றேன். பத்து நாளைக்கு முன்னால் வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. வெட்கமாக இருந்தது.

"இருவது வருஷமா பம்ப் பாக்குற ஆளு! வாயைத் தொறந்து அன்னைக்கே சொன்னா என்ன? பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா உங்களுக்கு?" மூக்கைத் துடைத்துக்கொண்டு புதுப் பம்பின் பெட்டியைப் பிரித்தாள். சல்லடையைத் திருகிக் கழற்றினாள், மாட்டினாள், இன்னொரு தடவை கழற்றிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை நாசி லெமாக் கட்டிடறேன்" என்றாள். "இதுக்குப் பொட்டு மட்டும் போதும்."